110 வோல்ட் டி.சி. சாலினாய்டை விடாமல் ஒட்டிக்கொள்ளும் ரிலே அவுட்புட்: மழைக்காலத்தில் மட்டும் ஏன்?

நீலமலை மின்னாள் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். உதகைக்குத் தெற்கே ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு சிறு புனல்மின் நிலையத்தில் மின்பராமரிப்பைக் கவனித்துவருகிறேன். ஒரு மெகாவாட்டுக்கும் குறைந்த திறனுள்ள இரண்டு பெல்டன் டர்பைன்கள் (நீர்த்தாரை அடித்துச் சுழலும் சக்கரங்கள்) இங்கே ஓடுகின்றன. மூன்று ஆண்டுகளுக்கு முன் பழைய ரிலே பேனலை எடுத்துவிட்டு பி.எல்.சி. (நிரல் எழுதி இயக்கும் தொழிற்கணினி) வழிக் கட்டுப்பாட்டுக்கு மாறினோம். பி.எல்.சி.யின் கட்டளை எட்டு ரிலேக்கள் கொண்ட ஓர் அவுட்புட் மாட்யூலுக்குப் போகிறது. ரிலேக்களின் காயில் (மின்காந்தச் சுருள்) 24 வோல்ட். காயில் இழுத்து மூடும் தொடுமுனைகளான காண்டாக்ட்டுகள் 110 வோல்ட் ஸ்டேஷன் பேட்டரியில் இயங்கும் சாலினாய்டுகளை (வால்வு போன்றவற்றை இயக்கும் மின்காந்தங்களை) நேரடியாக ஓட்டுகின்றன.

இவற்றில் ஆறாவது ரிலேதான் டிஃப்லெக்டர் சாலினாய்டுக்கு உரியது. இயந்திரம் ஓடும்வரை அந்தச் சாலினாய்டில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். ரிலே விட்டால் சாலினாய்டு விடும், எண்ணெய் அழுத்தம் வடியும், ஸ்பிரிங் டிஃப்லெக்டரைத் தள்ளி நீர்த்தாரையைச் சக்கரத்திலிருந்து விலக்கிவிடும். மின்சாரம் போனாலும் இயந்திரம் பாதுகாப்பாக நிற்க வேண்டும் என்பதற்காகவே இப்படி அமைத்தார்கள்.

சென்ற வாரம், லோடு இல்லாமல் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது ஷட் டவுன் சோதனை செய்தோம். திரையில் "அவுட்புட் 6 ஆஃப்" என்று வந்தது; மாட்யூலில் எல்.இ.டி. அணைந்தது, ஆனால் டிஃப்லெக்டர் அசையவில்லை. ஆபரேட்டர் வால்வில் இருக்கும் கைப்பிடியை இழுத்துத்தான் நீர்த்தாரையை விலக்கினார். பிறகு அந்த ரிலேயை மாட்யூலிலிருந்து உருவி, மேசையின் விளிம்பில் ஒருமுறை தட்டியதும் ஒட்டியிருந்த காண்டாக்ட் விட்டுவிட்டது. மேல்மூடியை பிளேடால் அறுத்துப் பார்த்தேன். ஒரு முனையில் கடுகில் பாதியளவுக்கு ஒரு மேடு. எதிர்முனையில் அந்த மேடு அப்படியே போய் உட்காரும் அளவுக்கு ஒரு குழி. சுற்றிலும் கரும்புகை படிந்திருந்தது.

மூன்று ஆண்டுகளில் இது மூன்றாவது முறை. மூன்றும் ஜூனுக்கும் ஆகஸ்ட்டுக்கும் இடையில் நடந்தவை. ரிலேயின் தலையில் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது. சாலினாய்டு ஒரு ஆம்பியர்கூட எடுக்காது. அப்படியிருக்க இது ஏன் ஒட்டுகிறது? மலையின் ஈரமும் உயரமும் காரணமா? சாலினாய்டின் குறுக்கே ஒரு டயோடு (ஒரே திசையில் மட்டும் மின்சாரம் விடும் பாகம்) போட்டால் போதுமா? எல்.இ.டி. அணைந்தும் காண்டாக்ட் மூடியே இருக்கிறது என்பதைப் பி.எல்.சி.க்கு எப்படித் தெரியவைப்பது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கோத்தகிரியான்

நான் தேயிலைத் தொழிற்சாலையில் மின்பணியில் இருப்பவன். டர்பைன் அனுபவம் இல்லை. ஆனாலும் மழைக்காலத்தில் பேனல்கள் படும் பாட்டை நன்கு அறிவேன். மூடுபனி இறங்கும் நாட்களில் காலையில் பேனல் கதவைத் திறந்தால் உள்பக்கத் தகட்டில் நீர்த்துளிகள் கோத்து நிற்பதைக் கையால் வழித்தெடுக்கலாம். அந்த ஈரம் காண்டாக்ட்டில் படிந்து அரித்து ஒட்டவைக்கிறது என்றே நினைக்கிறேன். உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்து, மின்காப்பும் குளிர்ச்சியும் குறையும் என்றும் படித்திருக்கிறேன். பேனலில் ஸ்பேஸ் ஹீட்டர் வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்கள் இடத்தில் தெர்மோஸ்டாட் பழுதாகி ஹீட்டர் ஓர் ஆண்டு முழுவதும் ஓடாமல் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

ஓய்வுபெற்ற ரிலேக்காரர்

தம்பி, நீங்கள் மேசையில் தட்டிப் பார்த்ததும் மூடியை அறுத்துப் பார்த்ததும் மிகச் சரியான செயல். அந்த மேடும் குழியும்தான் முழுக் கதையையும் சொல்கின்றன. ஈரத்தால் அரித்த காண்டாக்ட் அப்படி இருக்காது. அது ஒட்டுவதும் அரிது. ஈரமும் கந்தகமும் வெள்ளியின் மேல் ஒரு படலத்தைப் போடும். படலம் போட்ட காண்டாக்ட் மூடியும் மின்சாரம் கடத்தாமல் போகும். உங்களுக்கு நேர்ந்திருப்பது அதற்கு நேர் எதிரான கோளாறு.

உயரத்தைப் பற்றிக் கோத்தகிரி நண்பர் சொன்ன கருத்து தவறில்லை. ஆனால் இந்த நிலையத்துக்கு அது பொருந்தாது. சாதாரணக் கட்டுப்பாட்டுக் கருவிகளின் காப்பு இடைவெளி 2,000 மீட்டர் வரை எந்தத் திருத்தமும் இல்லாமல் செல்லும். அதற்கு மேலேதான் பெருக்கிக் கணக்கிட வேண்டும். 3,000 மீட்டருக்கு அந்தப் பெருக்கெண் 1.14. உதகை நகரமே 2,240 மீட்டரில் இருப்பதால் அங்கே வைக்கும் பேனலுக்கு இதை யோசிக்க வேண்டும். உங்கள் 1,700 மீட்டருக்குத் தேவையில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ரிலேயின் தலையில் போட்டிருக்கும் 10 ஆம்பியர் ஏ.சி.க்கு உரியது. 50 ஹெர்ட்ஸ் ஏ.சி. வினாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுகிறது. காண்டாக்ட் பிரியும்போது எழும் ஆர்க் (மின்பொறி) அடுத்த பூஜ்யத்தில் தானே அணைந்துவிடும். டி.சி.யில் அந்தப் பூஜ்யமே கிடையாது. காண்டாக்ட்டுகள் விலகி ஆர்க்கை இழுத்து நீட்டினால்தான் அது அறும். நீங்கள் வைத்திருக்கும் சின்ன ரிலேயில் முழுவதும் திறந்த பிறகும் இடைவெளி அரை மில்லிமீட்டருக்குக் குறைவாகத்தான் இருக்கும். வெள்ளிக் காண்டாக்ட்டில் ஏறத்தாழ 12 வோல்ட்டும் 0.4 ஆம்பியரும் தாண்டினாலே ஆர்க் நிலைத்து நிற்கத் தொடங்கிவிடும். அதனால்தான் இந்த வகை ரிலேக்களின் கையேட்டில் டி.சி.க்கென்று ஒரு தனி வளைகோடு தந்திருப்பார்கள். 30 வோல்ட்டில் 10 ஆம்பியரை வெட்டும் அதே காண்டாக்ட் 110 வோல்ட்டுக்கு வரும்போது 0.3, 0.4 ஆம்பியருக்கு இறங்கிவிடுவதை அதில் காணலாம். அதுவும் வெறும் ரெசிஸ்டன்ஸ் லோடுக்குத்தான். சாலினாய்டு போன்ற காயிலுக்கு இன்னும் குறையும்.

டி.சி.யில் மின்சாரம் எப்போதும் ஒரே திசையில் ஓடுவதால் ஒவ்வொரு ஆர்க்கும் ஒரு முனையிலிருந்து உலோகத்தைச் சுரண்டி எதிர்முனையில் வைக்கிறது. அந்த மேடு வளர்ந்து குழிக்குள் பூட்டிக்கொண்டதும், ரிலேக்குள் இருக்கும் மெல்லிய ஸ்பிரிங்கால் அதைப் பிரிக்க முடியாமல் போகிறது.

1932-இல் பைக்காராவின் நீரைச் சிங்காராவில் இறக்கி மின்சாரம் எடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த மலையில் வேலை பார்த்தவர்கள், துணை ரிலேக்களைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்த்தது காண்டாக்ட் எவ்வளவு தூரம் திறக்கிறது என்பதைத்தான். நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் மேலதிகாரி கையில் ஓர் அளவுத் தகடு இருக்கும். ரிலேயின் மூடியைக் கழற்றி இடைவெளியை அளந்து, பர்னிஷரால் (காண்டாக்ட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் மெல்லிய தகட்டால்) இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் மூடுவார். இன்றைய மாட்யூலில் அந்த வசதி இல்லை. ஆகவே லோடைக் குறைத்துக் கொடுப்பது நம் பொறுப்பாகிறது.

மழைக்காலத்தில் மட்டும் ஏன் என்பதற்கு என்னிடம் ஓர் ஊகம் இருக்கிறது. உங்கள் பதிவேட்டை எடுத்து, அந்த ரிலே மாதத்துக்கு எத்தனை முறை திறந்திருக்கிறது என்று எண்ணிச் சொல்லுங்கள். சாலினாய்டின் ரெசிஸ்டன்ஸையும் பேட்டரியின் உண்மையான வோல்டேஜையும் அளந்து எழுதுங்கள். 110 என்று சொன்னாலும் 110 இருக்காது.

நீலமலை மின்னாள்

ஐயா, மிக்க நன்றி. கேட்டவற்றை அளந்துவிட்டேன். சாலினாய்டு குளிர்ந்த நிலையில் 150 ஓம். எங்கள் பேட்டரி 55 செல் கொண்ட லெட் ஆசிட் வகை. ஃப்ளோட் சார்ஜில் (பேட்டரியை எப்போதும் நிறைவாக வைத்திருக்கும் சார்ஜில்) ஒரு செல்லுக்கு 2.25 வோல்ட் வீதம் மொத்தம் 124 வோல்ட் இருக்கிறது. ஆக ஓடும் மின்சாரம் 0.83 ஆம்பியர். நீங்கள் சொன்ன 0.3, 0.4-ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வருகிறது.

பதிவேட்டை எண்ணியபோது எனக்கே வியப்பாக இருந்தது. இந்த ஆண்டு ஜனவரி முதல் மே வரை ஐந்து மாதங்களில் அந்த ரிலே திறந்தது 11 முறை. ஜூன் தொடங்கி இன்றுவரை 64 முறை. காற்றுக்குக் கற்பூர மரக் கிளைகள் ஃபீடர் லைன் மேல் விழும். லைன் டிரிப் ஆகும். ஒவ்வொரு முறையும் இயந்திரம் நிற்கும். லைன் வந்ததும் மறுபடி எடுப்போம். ஒரே இரவில் ஏழு முறை நின்று எடுத்த நாளும் உண்டு. ஈரம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் எண்ணிக்கை. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் அணை நிரம்பி வழியும்போது ஒரு மணி நேரம்கூட இயந்திரத்தை நிறுத்த மனம் வராது. அதனால் சோதனைகளைத் தள்ளிப்போட்டோம். ரிலே மிக அதிகமாகத் தேயும் மாதங்களில்தான் நாங்கள் அதைச் சோதிக்காமல் இருந்திருக்கிறோம்.

ஓய்வுபெற்ற ரிலேக்காரர்

நான் ஊகித்தது அதுதான். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட்டில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டிய ஊர் நமது. இங்கே லைன் டிரிப் ஆகாத ஆனி ஆடி கிடையாது. சாலினாய்டின் குறுக்கே ஒரு டயோடு போட்டுவிடுங்கள். காயிலில் தேங்கிய சக்தி டயோடு வழியாகச் சுற்றி அடங்கிவிடும். காண்டாக்ட்டில் ஆர்க் பெரும்பகுதி குறையும்.

கூடலூர் பேனல்

ஐயா சொன்ன காரணம் முழுவதும் சரி. டயோடைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சேர்க்க அனுமதி வேண்டும். பேனல் கட்டுவதே என் தொழில் என்பதால் இதில் ஒருமுறை நன்றாக அடிபட்டிருக்கிறேன்.

உங்கள் சாலினாய்டின் எல் பை ஆர் (இண்டக்டன்ஸை ரெசிஸ்டன்ஸால் வகுத்து வரும் நேர அளவு) ஏறத்தாழ 40 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்வோம். இந்த அளவுக் காயிலுக்கு அது இயல்பான மதிப்பு. இண்டக்டன்ஸ் 6 ஹென்றி வரும். 0.83 ஆம்பியரில் அதில் தேங்கும் சக்தி சுமார் 2 ஜூல். இந்த 2 ஜூலும் ஒவ்வொரு டிரிப்பிலும் எங்காவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். இதுவரை உங்கள் காண்டாக்ட்டின் மேனியில் போய்க்கொண்டிருந்தது. வெறும் டயோடு போட்டால் அது காயிலிலேயே மெல்ல மெல்லக் கரையும். அந்த "மெல்ல மெல்ல" என்பதில்தான் சிக்கல். மின்சாரம் 15 சதவீதத்துக்கு இறங்கினால்தான் சாலினாய்டு விடும் என்று கொண்டால், அதற்கு 75 மில்லிசெகண்ட்டுக்கு மேல் ஆகும்.

இது பெரிய தாமதமா என்று கேட்கலாம். முழு லோடில் லைன் விழுந்தால், வேகம் பூஜ்யத்திலிருந்து முழு அளவுக்கு ஏற 7 வினாடி எடுக்கும் சுழலும் நிறை கொண்ட இயந்திரத்தில் ஒவ்வொரு நூறு மில்லிசெகண்ட்டுக்கும் வேகம் ஏறத்தாழ 1.4 சதவீதம் கூடும். பெல்டனில் பென்ஸ்டாக்கை, அதாவது நீர் இறங்கிவரும் குழாயை, நீரழுத்த அதிர்ச்சி அடிக்காமல் காப்பாற்ற நாசில் ஊசியை மெதுவாகத்தான் மூட முடியும். வேகத்தைப் பிடிப்பது முழுக்க டிஃப்லெக்டரின் வேலை. கட்டுப்பாடு இல்லாமல் விட்டால் பெல்டன் சக்கரம் இயல்பு வேகத்தைப் போல 1.8 மடங்கு வரை போகும். ஆகவே ஒரு சதவீதத்தை நான் விட்டுக்கொடுப்பேன். ஆனால் அதைக் கணக்கிட்டு, ஓவர்ஸ்பீடு டிரிப் அமைப்போடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் விட்டுக்கொடுப்பேன். உங்கள் இயந்திரத்தின் எண்ணைப் போட்டு நீங்களும் பாருங்கள்.

டயோடோடு தொடராக ஒரு ஜீனர் (குறித்த வோல்டேஜில் பிடித்து நிறுத்தும் டயோடு வகை) வைத்து 200 வோல்ட் அளவில் பிடித்தால் மின்சாரம் 20 மில்லிசெகண்ட்டுக்குள் பூஜ்யமாகிவிடும். அதற்கு விலை உண்டு: பிரியும் காண்டாக்ட்டின் குறுக்கே பேட்டரியின் 124-உம் இந்த 200-உம் சேர்ந்து 324 வோல்ட் நிற்கும். வேகமாக விட வேண்டுமானால் காண்டாக்ட் வலுவாக இருக்க வேண்டும். காண்டாக்ட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் தாமதத்தைப் பொறுக்க வேண்டும். இந்தப் பேரத்திலிருந்து தப்ப வழி இல்லை.

ஆகவே நான் செய்வது இதுதான். மாட்யூலின் ரிலே 24 வோல்ட் காயிலை மட்டும் ஓட்டட்டும். அந்தக் காயில் ஓர் இடை ரிலேயினுடையது, டி.சி. 13 பிரிவில் 110 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று தயாரிப்பாளர் தெளிவாக எழுதிக்கொடுத்த ரிலே. டி.சி. 13 என்பது டி.சி. சாலினாய்டுக்கென்றே ஐ.இ.சி. (பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம்) 60947-5-1 தரத்தில் உள்ள பிரிவு. கையேட்டில் அந்த எண் இல்லை என்றால் வாங்காதீர்கள். அதன் இரண்டு காண்டாக்ட்டுகளைத் தொடராக இணைத்தால் ஆர்க் இரண்டு இடைவெளிகளில் பங்கிடப்படும். உள்ளே காந்தம் வைத்து ஆர்க்கை ஊதி அணைக்கும் வகையானால் பிளஸ் மைனஸ் மாறாமல் இணைக்க வேண்டும்; மாற்றி இணைத்தால் காந்தம் ஆர்க்கை உள்பக்கம் தள்ளிவிடும்.

எல்.இ.டி. பற்றிய கேள்விக்கு: அது காயிலுக்கு வோல்டேஜ் வருகிறதா என்பதை மட்டுமே சொல்லும். திரையில் வந்த "ஆஃப்" பி.எல்.சி. தான் இட்ட கட்டளையைத் தானே படித்துச் சொன்னது. காண்டாக்ட்டின் உண்மை நிலை தெரிய வேண்டுமானால் ஐ.இ.சி. 61810-3 தரத்துக்கு உட்பட்ட, காண்டாக்ட்டுகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட ரிலே வேண்டும். அதில் சாதாரணமாகத் திறந்திருக்கும் காண்டாக்ட் ஒன்று ஒட்டிக்கொண்டால், காயில் விட்டாலும் சாதாரணமாக மூடியிருக்கும் காண்டாக்ட் மூடவே மூடாது. அந்த மூடும் காண்டாக்ட்டை பி.எல்.சி. இன்புட்டுக்குக் கொண்டுவாருங்கள். கட்டளை நீங்கி 200 மில்லிசெகண்ட் ஆகியும் அது மூடவில்லை என்றால் அலாரம் கொடுத்து, அடுத்த ஸ்டார்ட்டையும் தடுத்துவிடுங்கள்.

பெரிய கேஸ் டர்பைன், ஸ்டீம் டர்பைன்களில் டிரிப்புக்கு மூன்று ரிலே வைத்து, மூன்றில் இரண்டு விட்டாலே சாலினாய்டு விடும்படி காண்டாக்ட்டுகளைப் பின்னியிருப்பார்கள். ஒரு காண்டாக்ட் ஒட்டினாலும் டிரிப் தடைபடாது. ஒன்று வீணாக விட்டாலும் இயந்திரம் நிற்காது. உங்கள் அளவு நிலையத்துக்கு அது அதிகம். ஆனால் டிரிப் ஒரே ஒரு காண்டாக்ட்டை நம்பி இருக்கக்கூடாது என்ற அதன் அடிப்படை உங்களுக்கும் வேண்டியதுதான்.

ஓய்வுபெற்ற ரிலேக்காரர்

டயோடு பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். நேரக் கணக்கை நான் போடாமல் விட்டது பிழைதான். கூடலூர் நண்பர் சொன்ன கடைசி வரியோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இரண்டாவது காண்டாக்ட்டை மைனஸ் பக்கத்தில் வையுங்கள், அதையும் பி.எல்.சி.யிடமிருந்து எடுக்காமல் லாக்அவுட் ரிலேயிலிருந்து (டிரிப் ஆனபின் கையால் மீட்கும்வரை பூட்டி நிற்கும் ரிலே) எடுங்கள். ஓவர்ஸ்பீடு சுவிட்ச் நேராக லாக்அவுட்டை அடிக்கட்டும்.

மைனஸ் பக்கம் ஏன் என்றால், நம் பேட்டரியின் இரு முனைகளும் பூமியோடு இணைக்கப்படாதவை. மழைக்காலத்தில் கேபிள் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி ஓரிடத்தில் எர்த் ஃபால்ட் (பூமிக்கு மின்கசிவு) வரும். அலாரம் மட்டும் அடிக்கும், எதுவும் நிற்காது. அதைத் தேடாமல் விட்டால், இன்னோரிடத்தில் இரண்டாவது எர்த் ஃபால்ட் வரும்போது பிளஸ் பக்கக் காண்டாக்ட்டைச் சுற்றி மின்சாரம் பாய வழி கிடைத்துவிடும். காண்டாக்ட் ஒழுங்காகத் திறந்திருக்கும், சாலினாய்டு விடாது. இரு பக்கமும் வெட்டினால் இந்த ஆபத்து பெரிதும் குறையும். டி.சி. எர்த் ஃபால்ட் அலாரத்தை "மழை நின்றால் போய்விடும்" என்று விடும் பழக்கம் எங்கும் இருக்கிறது. தயவுசெய்து உங்கள் நிலையத்தில் விடாதீர்கள்.

கோத்தகிரியான்

என் ஊகம் தவறு என்று தெரிந்ததில் மகிழ்ச்சியே, நிறையக் கற்றுக்கொண்டேன். ஆனால் ஈரத்தை முழுதாக ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இப்போது நீங்கள் பி.எல்.சி.க்குக் கொண்டுவரப்போகும் அந்த மூடும் காண்டாக்ட்டில் ஓடுவது 24 வோல்ட்டில் சில மில்லிஆம்பியர்தான். அவ்வளவு சிறிய மின்சாரத்தால் படலத்தை உடைத்துக்கொண்டு போக முடியாது. ஐயா சொன்ன படலக் கோளாறு அங்கேதான் வரும்.

கூடலூர் பேனல்

மிகச் சரியாகப் பிடித்தீர்கள். ஒவ்வொரு காண்டாக்ட்டுக்கும் குறைந்தபட்ச லோடு என்று ஒன்று உண்டு. பி.எல்.சி.க்கு நிலையைச் சொல்லும் அந்த ரீட்பேக் காண்டாக்ட் தங்க முலாம் பூசியதாக இருக்கட்டும். ஆனால் தங்க முலாம் காண்டாக்ட்டை ஒருமுறை 110 வோல்ட் லோடுக்குப் பயன்படுத்திவிட்டால் முலாம் எரிந்துவிடும். பிறகு அதைச் சிறு சிக்னலுக்கு நம்பக்கூடாது. ஸ்பேரை மாற்றும்போது எந்த ரிலே எங்கே ஓடியது என்பதை எழுதிவையுங்கள்.

நீலமலை மின்னாள்

நண்பர்களே, வேலையை முடித்துவிட்டு எழுதுகிறேன். பிணைந்த காண்டாக்ட் கொண்ட இடை ரிலேயைப் பொருத்தி, இரண்டு காண்டாக்ட்டுகளைத் தொடராகப் பிளஸ் பக்கத்திலும், லாக்அவுட்டின் காண்டாக்ட்டை மைனஸ் பக்கத்திலும் இணைத்தோம். சாலினாய்டின் முனையிலேயே டயோடும் ஜீனரும் வைத்தோம். கட்டளை போனதிலிருந்து சாலினாய்டின் தண்டு அசையத் தொடங்கும்வரை ரெகார்டரில் 45 மில்லிசெகண்ட் வருகிறது. பத்து முறை எடுத்தும் பெரிய மாற்றம் இல்லை. லாக்அவுட் ரிலேயை மட்டும் தனியாக அடித்தும், பி.எல்.சி. கட்டளையை மட்டும் தனியாக நீக்கியும் சோதித்தோம். இரண்டிலும் டிஃப்லெக்டர் வந்தது.

இன்னொரு பலனும் கிடைத்தது. எர்த் ஃபால்ட் அலாரம் பல நாட்களாக விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. ஐயா சொன்ன பிறகு ஒவ்வொரு சர்க்யூட்டாகப் பிரித்துத் தேடியபோது, டெயில்ரேஸ் (டர்பைனை விட்டு நீர் வெளியேறும் கால்வாய்) பக்கத்துக் கேபிள் பெட்டியில் கேபிள் நுழையும் துளையை இறுக்கும் கிளாண்டு தளர்ந்து, உள்ளே இரண்டு விரற்கடை தண்ணீர் நின்றிருந்தது. அதே பெட்டி வழியாகத்தான் டிஃப்லெக்டர் சாலினாய்டின் கேபிளும் போகிறது.

மாட்யூலில் 110 வோல்ட்டை நேரடியாக ஓட்டும் ரிலேக்கள் இன்னும் மூன்று இருக்கின்றன: பிரேக், குளிர்நீர் வால்வு, மெயின் இன்லெட் வால்வின் பைபாஸ். இவற்றின் காயில்களையும் அளந்துவிட்டேன். பைபாஸ் சாலினாய்டு 0.6 ஆம்பியர் எடுக்கிறது. அதையும் அடுத்த வாரம் மாற்றுகிறோம். மற்ற இரண்டும் 0.2 ஆம்பியருக்குள் இருப்பதால் டயோடு மட்டும் போட்டு விட்டிருக்கிறோம். புதிய ரிலேயின் பெயருக்கு எதிரே பதிவேட்டில் ஒரு தனிப் பத்தி தொடங்கி, ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு கோடு போட்டுவருகிறோம்; 50 கோடு ஆனதும், அது ஆடி மாதமாகவே இருந்தாலும், இயந்திரத்தை நிறுத்தி ரீட்பேக்கையும் விடும் நேரத்தையும் மறுபடி சோதிப்பது என்று ஷிஃப்ட் ஆட்கள் அனைவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்கிறோம். நேற்றிரவு வரை 9 கோடு.